புற்றுநோய் சிகிச்சைக்குப் பண உதவி செய்யும் அறக்கட்டளை: எங்கள் அனுபவம்

அக்காவின் மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவிய அறக்கட்டளைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறையும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை. இப்படி உதவும் எந்த இடத்துக்குப் போனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

உதவிப் பிரிவில் இருந்த அம்மா எவ்வளவு வேண்டும் என்று கேட்கவே இல்லை, முதலில் பயாப்சி ரிப்போர்ட்டைத்தான் கேட்டார். அதில் ஹெர்2 பாசிட்டிவ் (புற்றுநோய் செல்லை வேகமாக வளரவைக்கும் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிற வகை) என்று இருந்ததைப் பார்த்ததும் ஒரு தாளை எடுத்து மாதவாரியாகக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். ஹெர்2 என்றால் கீமோ, ஆபரேஷனோடு செலவு முடியாது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒன்று என்று ஒரு வருஷம் போகும், அது இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் நடுநடுவே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்குள் வீட்டில் இருக்கிற சேமிப்பு கரைந்திருக்கும். எந்தெந்த மாதம் கையைக் கடிக்கும் என்று வட்டம் போட்டுக் காட்டினார். உதவித் தொகையையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் அந்த மாதங்களுக்குப் பிரித்து, நேராக ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே கட்டினார்கள். அப்புறம், அந்த ஊசிக்கு பயோசிமிலர் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னதும் அவர்தான். மூல மருந்தின் காப்புரிமை முடிந்தபின் மற்ற கம்பெனிகள் தயாரிக்கும், அதே பலன் தரும் மருந்து அது. விலை குறைவு.

குறை என்றால் போக்குவரத்துச் செலவு. கதிர்வீச்சு சிகிச்சை வாரத்துக்கு 5 நாள் என்று சில வாரங்கள் தொடர்ந்து நடக்கும். மெஷினில் இருப்பது சில நிமிஷம்தான், ஆனால் போகவர வண்டிச் செலவு, கூட வருபவருக்குப் போகும் சம்பளம் எல்லாம் தினமும் உண்டு. இதற்கு பில் கொடுத்தால் பிறகு தருவோம் என்கிறார்கள். கையில் காசே இல்லாதவர் முதலில் எப்படிச் செலவு செய்வார்? மார்பகப் புற்றுநோயாளிகளில் 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்குகளில் ஒன்று. வண்டிக் காசு இல்லாமல் பாதியில் நிற்பவர்களை நினைத்தாவது இந்தத் தொகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டும்.

அங்கே தரும் விழிப்புணர்வுத் துண்டறிக்கையில் படங்கள் நன்றாக இருக்கின்றன. கட்டி மட்டுமில்லை, தோலில் விழும் குழி, உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் என்று எல்லாமே புரிகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை என்ற ஒரு வரி எங்கேயும் இல்லை. பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவருக்கு அந்த வரிதான் முதலில் வேண்டும். ஆண்களைப் பற்றியும் பேச்சே இல்லை, இந்த நோய் வருபவர்களில் 0.5 முதல் 1 சதவீதம் பேர் ஆண்கள்.

சரி, விண்ணப்பிப்பவர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே போய்விடுங்கள், ஏற்கனவே கட்டிய ஆஸ்பத்திரி பில்லுக்கு இவர்கள் தருவதில்லை. பயாப்சி ரிப்போர்ட், டாக்டர் கையெழுத்திட்ட சிகிச்சைத் திட்டம், ஆஸ்பத்திரி எஸ்டிமேட், வருமானத்துக்கு ஆதாரம், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. உதவி வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் நம்பாதீர்கள், நேராக ஆபீசுக்கே போய்ப் பேசுங்கள்.