டி அண்ட் டி சண்டை ரூல்ஸ்: பல வருஷம் டிஎம்மா உட்கார்ந்த அனுபவம்

டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்ங்கற, டைஸ் உருட்டி கதை ஆடற டேபிள் கேமோட 5வது எடிஷனை 2014 ரூல் புக் காலத்துலேர்ந்து டிஎம்மா (ஆட்டத்தை நடத்தி ரூலை தீர்மானிக்கறவர்) நடத்திட்டு வரேன், இப்போ 2024 புக்குக்கு மாறியாச்சு. கதை, ரோல்பிளே பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் சண்டைல வர்ற ரூல் குழப்பத்தை மட்டும் சொல்றேன், ஏன்னா என் டேபிள்ல மனஸ்தாபம் வந்ததெல்லாம் அங்கதான்.

2014 புக்கு சாதாரண பேச்சு நடைல இருக்கும், படிக்க சுகமா இருக்கும், ஆனா நடுவுல சில வார்த்தைக்கு ரொம்ப கறாரான அர்த்தம் இருக்கும், அது கண்ணுல படாம போயிடும். உதாரணத்துக்கு ரோக்கோட (பதுங்கி அடிக்கற கேரக்டர் வகை) ஸ்னீக் அட்டாக், அதாவது அடி பட்டா கூடுதல் டேமேஜ். எங்க 7வது லெவல் ரோக் தன்னோட டர்ன்ல ஒரு தடவை அதை போட்டுட்டான், அப்புறம் ஒரு காப்ளின் (குட்டி அரக்கன்) அவன் ரீச்சை விட்டு ஓடப் பாத்துச்சு, ஓடறவனை அடிக்கற ஆப்பர்சூனிட்டி அட்டாக் அடிச்சு பட்டுடுச்சு, மறுபடியும் 4டி6 (நாலு ஆறுமுக டைஸ்) கேக்குறான். பக்கத்துல இருந்தவர் "அதான் இந்த ரவுண்ட்ல யூஸ் பண்ணிட்டியேப்பா"ங்கறார். புக்கை திறந்து பாத்தா ஒரு டர்னுக்கு ஒரு தடவைன்னு இருக்கு, ரவுண்டுக்குன்னு இல்ல (எல்லாரோட டர்னும் ஒரு சுத்து வந்தாதான் ஒரு ரவுண்ட்). காப்ளின் ஓடுறது காப்ளினோட டர்ன், அதனால அந்த காப்ளினுக்கு 5 அடிக்குள்ள நம்மாளு ஒருத்தர் நின்னா (நின்னாரு, ஃபைட்டர்) டைஸ் மறுபடியும் உண்டு. அதுலேர்ந்து எந்த ரூலா இருந்தாலும் முதல்ல நான் தேடுறது டர்னா ரவுண்டாங்கறதைத்தான், பாதி சண்டை அதுலயே தீந்துடும்.

ஆனா வார்த்தையை மட்டும் பிடிச்சுட்டு தொங்கினா வேற பக்கம் இடிக்கும். 2014 இன்விசிபிள் கண்டிஷன்ல (கண்ணுக்கு தெரியாம இருக்கற நிலை), அந்த ஆளை அடிக்க டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி சின்னதை எடுக்கணும்), அவர் அடிச்சா அட்வான்டேஜ் (பெருசை எடுக்கலாம்)னு ஒரு தனி வரி. சீ இன்விசிபிலிட்டிங்கற மந்திரம் போட்டு எதிரியை நல்லா பாத்துட்டு இருக்கறவருக்கும் அந்த வரி பொருந்தும்னு, அப்போ ரூல்ஸ் டிசைனரா இருந்த ஜெரமி க்ராஃபோர்டே சொன்னாரு. எழுத்துப்படி சரி, ஆனா ஸ்பெல் ஸ்லாட்டை (மந்திரம் போட அளவா கிடைக்கற வாய்ப்பு) செலவழிச்ச ப்ளேயர்கிட்ட போய் அதை எப்படி சொல்றது? நாங்க அதை ஏத்துக்கவே இல்ல. 2024ல, உன்னை பாக்க முடியற ஆளுக்கு எதிரா அந்த பலன் கிடையாதுன்னு தெளிவாவே போட்டுட்டாங்க, அதை படிச்சப்போ மனசுக்கு அவ்ளோ நிம்மதி.

ஷீல்ட் மாஸ்டர் (கேடயத்தால எதிரியை தள்ள விடற திறமை) கதையும் இதேதான். போனஸ் ஆக்‌ஷன்ல (டர்ன்ல கூடுதலா ஒண்ணு பண்ற வாய்ப்பு) முதல்ல தள்ளிட்டு அப்புறம் அடிக்கலாமான்னு கேட்டதுக்கு க்ராஃபோர்ட் ஒரு காலத்துல முடியும்னாரு, பின்னாடி மாத்தி அட்டாக் முடிஞ்சப்புறம்தான்னுட்டாரு. ரூலை எழுதினவங்களே மாத்தி சொல்லும்போது நம்ம டேபிள்ல ரெண்டு பேர் ரெண்டு விதமா படிக்கறதுல தப்பே இல்ல, யாரையும் ஏமாத்தறான்னு நினைக்க வேண்டாம்.

இவ்ளோ நாள் ஓட்டி எங்களுக்கு நின்ன முறை இதுதான்: சந்தேகம் வந்தா ஒரு நிமிஷம் தேடுவோம், கிடைக்கலன்னா நான் ஒண்ணு சொல்லிடுவேன், ஆட்டம் நிக்காது. ஒரு கேரக்டர் சாகறதே அந்த ரூலை வெச்சுதான்னா மட்டும் ப்ளேயர் பக்கம் சாய்வேன். செஷன் முடிஞ்சதும் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவை நோட்டுல எழுதிடுவோம், அடுத்த தடவை அதுதான் சட்டம். சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குவேன், இதே வித்தையை நாளைக்கு என் மான்ஸ்டர் பண்ணினா இவங்க ஒத்துக்குவாங்களா? இந்த ஒரு கேள்விக்கு அப்புறம் ப்ளேயர்ஸே பல தடவை "வேணாம் விடுங்க"ன்னு இறங்கி வந்திருக்காங்க.

2024 புக்கு மொத்தத்துல நல்லாவே இருக்கு. சர்ப்ரைஸ் (எதிர்பாராம மாட்டிக்கறது) இப்போ இனிஷியேட்டிவ்ல (யார் முதல்லன்னு உருட்டறது) டிஸ்அட்வான்டேஜ், அவ்ளோதான், முன்னாடி மாதிரி முதல் டர்னே போயிடாது. வெறும் கையால குத்தி டிவைன் ஸ்மைட் (பாலடின்ங்கற கேரக்டர் வகையோட கூடுதல் டேமேஜ் வித்தை) போடலாமாங்கற பழைய வழக்கும் முடிஞ்சுது, போடலாம், ஆனா அது இப்போ போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல்.

எனக்கு இன்னும் உறுத்தறது ஹைடு (ஒளிஞ்சுக்கறது) தான். உருட்டி டிசி 15 (ஜெயிக்க வேண்டிய இலக்கு எண்) எட்டினா இன்விசிபிள் கண்டிஷன் கிடைக்குது, எதிரி கண்டுபிடிச்சா போயிடும்ங்கறாங்க, ஆனா தூணுக்கு பின்னாடிலேர்ந்து வெட்டவெளிக்கு வந்து நின்னா அது கண்டுபிடிச்ச கணக்கா, இல்ல எதிரி பர்செப்ஷன் (கவனிக்கற திறன்) உருட்டி ஜெயிக்கணுமான்னு நேரா எழுதல. எங்க நோட்டுல இருக்கறது: மறைவை விட்டு வந்து அதே டர்ன்ல அடிச்சா அட்வான்டேஜ் உண்டு, டர்ன் முடியும்போதும் திறந்த இடத்துலயே நின்னா மறைவு போச்சு, காப்ளினுக்கும் அதேதான்.