குறுநேரத்தை அளக்க எந்தக் கடிகாரத்தை நம்பலாம்?

நிரலின் ஒரு துண்டு ஓட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க, கணினியில் கடிகாரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை தரும் எண்களை எல்லாம் ஒன்றுபோல் நம்ப முடியாது.

தேதியும் மணியும் காட்டும் கணினி நேரம் இதற்கு ஆகாது. வலையமைப்பு வழியாகக் கணினி நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி (NTP) நெறிமுறை அதைத் திருத்தியபடியே இருக்கும். அளக்கும்போது திருத்தம் விழுந்தால் விடை எதிர்மறையாகக்கூட வரும். கணினி தொடங்கியதிலிருந்து ஆன மில்லிநொடிகளைத் தரும் விண்டோஸின் கெட்டிக்கவுன்ட் (GetTickCount) இப்படித் திருத்தத்தால் பின்னால் போகாது என்றாலும், 10 முதல் 16 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் நகரும். 3 மில்லிநொடி வேலைக்கு அது பெரும்பாலும் சுழியம் என்றே சொல்லும்.

உண்மையான போட்டி செயலிக்குள் இருக்கும் டிஎஸ்சிக்கும் (TSC) இயங்குதளம் தரும் மோனோடோனிக், அதாவது பின்னால் போகாத, கடிகாரத்துக்கும்தான். இன்டெல் 1993இல் பென்டியத்தோடு கொண்டுவந்த 64 பிட் எண்ணி டிஎஸ்சி. ஒரே ஆணையில் படித்துவிடலாம். இதைவிட நுட்பமான அளவு வேறு எளிதில் கிடைக்காது. ஆனால் பழைய செயலிகளில் வேகம் மாறினால் எண்ணும் வேகமும் மாறும், செயலியின் உட்கருக்களான கோர்களில் கோருக்குக் கோர் எண் வேறுபடவும் செய்யும். புதியவற்றில் அது சீரான வேகத்தில் ஓடுகிறது. அதனாலேயே இன்று அது காட்டுவது நேரம், செயலி உண்மையில் ஓடிய சுழற்சிகளின் எண்ணிக்கை அல்ல. பலர் இதைக் கவனிப்பதில்லை. இன்னொரு சிக்கல்: செயலி ஆணைகளை வரிசை மாற்றி ஓட்டும். முந்தைய ஆணைகள் முடியும்வரை காக்கவைக்கும் எல்ஃபென்ஸ் (LFENCE) போன்ற தடுப்பு ஆணை வைக்காவிட்டால், அளக்க வேண்டிய வேலை முடியும் முன்பே எண்ணி படிக்கப்பட்டுவிடலாம்.

இயங்குதளக் கடிகாரங்களான விண்டோஸின் க்யூபிசியும் (QueryPerformanceCounter) லினக்ஸின் மோனோடோனிக் கடிகாரமும் இந்தத் தலைவலியைத் தாமே சுமக்கின்றன. டிஎஸ்சி நம்பகமாக இருந்தால் அதையே பயன்படுத்தும். இல்லையென்றால் கணினியில் உள்ள வேறு வன்பொருள் எண்ணிகளான எச்பெட்டுக்கோ (HPET) 3.579545 மெகாஹெர்ட்ஸ் ஏசிபிஐ (ACPI) டைமருக்கோ மாறும். இந்த ஏசிபிஐ டைமரின் ஒரு படி, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, சுமார் 280 நானோநொடி, படிக்கவும் மெதுவானது. இன்றைய பல விண்டோஸ் கணினிகளில் க்யூபிசியின் படி 100 நானோநொடி.

மைக்ரோநொடிக் கணக்கில் நீளும் எந்த வேலைக்கும் நான் இயங்குதளக் கடிகாரத்தைத்தான் சொல்வேன். சில பத்து ஆணைகளை மட்டும் அளப்பவருக்கே டிஎஸ்சி தேவை. பலமுறை ஓட்டி வகுப்பதும் ஒரு வழி. ஆனால் தேவையான தரவு செயலியின் விரைவு நினைவகமான கேஷில் ஏற்கெனவே வந்துவிட்ட நிலையின் வேகமே அதில் தெரியும். எதை எடுத்தாலும் சராசரியைவிடக் குறைந்தபட்ச மதிப்பைப் பாருங்கள்: செயலியை வேறு வேலைக்கு இழுக்க இடையில் நுழையும் இன்டரப்ட் நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.