பில் தகராறு: கூடிப் பேசுவதா, புகார் கொடுப்பதா?

1984-இல் அமெரிக்காவில் பெல் அமைப்பு என்ற பெரிய தொலைபேசி நிறுவனக் குழுமம் உடைந்தபோது, தொலைதூர அழைப்பு நிறுவனங்கள் உள்ளூர் தொலைபேசி நிறுவனங்களிடம் லைன் கேட்டு, அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டிய நிலை வந்தது. ஆர்டர் படிவம், பில் எல்லாவற்றிலும் சிக்கல். தீர்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, ஏடிஐஎஸ் என்ற தொலைத்தொடர்புத் தொழில்துறை அமைப்பின் கீழ் இயங்கும் ஆர்டரிங் அண்ட் பில்லிங் ஃபோரம். ஒரு நிறுவனம் பிரச்சினையை எழுத்தில் வைக்கும். வாங்குபவரும் விற்பவரும் பேசி, பெரும்பாலும் எல்லோரும் ஏற்கும் முடிவுக்கு வருவார்கள். ஒரு லைன் இரண்டு உள்ளூர் நிறுவனங்களின் எல்லையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே பில்லா, ஆளுக்கொரு பில்லா? யார் எத்தனை மைலுக்குக் கட்டணம் வாங்குவது? இதற்கென்றே ‘மெகாப்’ என்ற வழிகாட்டி இருக்கிறது. லைன் ஆர்டர் செய்ய ஏஎஸ்ஆர் என்ற படிவம். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதுவரை அதில் வரையறை உண்டு.

இரண்டாவது, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியிடம் 1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 208-ஆம் பிரிவின்படி புகார். கட்டணம் சட்டப்படி சரியா என்ற வகைப் புகார்களுக்கு ஐந்து மாதக் கெடு உண்டு. தீர்ப்பு கட்டுப்படுத்தும், இழப்பீடும் கிடைக்கலாம். ஆனால் வழக்கறிஞர் செலவு அதிகம். அப்புறம், அதே எதிராளியிடம்தான் நாளையும் லைன் வாங்க வேண்டும்.

ஃபோரத்தின் முடிவு தானாக யாரையும் கட்டாயப்படுத்தாது. வர வேண்டிய பாக்கியையும் அது வாங்கித் தராது. பாக்கிக்கு எஃப்சிசிதான் சரி. மாதாமாதம் திரும்பத் திரும்ப வரும் பில் குழப்பத்துக்கு ஃபோரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். அங்கே திருத்தும் ஒரு படிவம் எல்லா நிறுவனங்களுக்கும் பயன்படும்.