லாஸ் வேகஸ்: சூதாடாதவருக்கும் ஏற்ற ஊர்தானா?

சென்ற நவம்பரில் அம்மாவுடன் லாஸ் வேகஸில் நான்கு இரவுகள் தங்கித் திரும்பினேன். எங்கள் இருவருக்கும் சூதாட்டத்தில் நாட்டமில்லை. ஆகவே, காசினோக்களை நம்பியே வளர்ந்த ஒரு நகரம் ஆடாதவருக்கு எதைத் தருகிறது, அதற்கு எவ்வளவு வாங்குகிறது என்பதையே இந்த மதிப்புரையில் எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைச் சொல்லிவிட வேண்டும். பெரும் விடுதிகள் வரிசையாக நிற்கும் 'ஸ்ட்ரிப்' ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் நீளமான சாலை. (அதன் பெரும்பகுதி லாஸ் வேகஸ் மாநகர எல்லைக்கு வெளியே, பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது.) கட்டடங்கள் பிரம்மாண்டமாக இருப்பதால் அடுத்த விடுதி பக்கத்திலேயே இருப்பதுபோல் தோன்றும், நடைமேம்பாலங்களில் ஏறி இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான தொலைவு கால்களுக்குப் புரியும். முதல் நாள் பெல்லாஜியோவிலிருந்து வெனிஷியன் வரை அம்மாவை நடத்தியே அழைத்துச் சென்றேன். "இதோ தெரியுதுன்னு சொல்லிச் சொல்லியே இவ்வளவு தூரம் நடக்க வெச்சுட்டியே" என்று அம்மா வருத்தப்பட்டதில் நியாயம் இருந்தது. மறுநாளிலிருந்து, இரவு பகலாக ஓடும் 'டியூஸ்' என்ற மாடிப் பேருந்துக்கு 24 மணி நேரச் சீட்டு வாங்கிக்கொண்டோம். மோனோ ரயிலும் உண்டு. ஆனால் அதன் நிலையங்கள் கிழக்குப் பக்கத்து விடுதிகளின் பின்புறத்தில் இருப்பதால், ரயிலைப் பிடிக்கவே கணிசமாக நடக்க வேண்டியிருக்கிறது. முதியவர்களுடன் செல்வோருக்குப் பேருந்தையே பரிந்துரைக்கிறேன்.

இந்த ஊரில் நான் மிகவும் ரசித்தது காசு வாங்காத ஒன்று. 1998-இல் திறக்கப்பட்ட பெல்லாஜியோவின் முன்னால் உள்ள செயற்கை ஏரியில், 1,200-க்கும் மேற்பட்ட நீர்க்குழாய்கள் இசைக்கு ஏற்ப நீரைப் பீய்ச்சுகின்றன. உச்சக்கட்டத்தில் அழுத்தப்பட்ட காற்றின் விசையால் நீர் சுமார் 140 மீட்டர் உயரம் வரை எழும்போது, பீரங்கி வெடித்தது போன்ற ஓசை நெஞ்சில் அதிர்கிறது. மேலே போன நீர் ஒரு கணம் நின்று, பிறகு பெருமழையாக ஏரியில் விழுகிறது. பாலைவனத்தின் வறண்ட காற்றில் அந்தத் திவலை முகத்தில் படும் சுகத்தை எந்தப் படமும் காட்டாது. ஒவ்வொரு பாடலுக்கும் நீரின் அசைவு மாறுவதால், நாங்கள் தொடர்ந்து மூன்று காட்சிகளைப் பார்த்தும் அலுக்கவில்லை. அதே விடுதியின் வரவேற்புக் கூடத்தில், கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலி உருவாக்கிய ஏறத்தாழ 2,000 கண்ணாடி மலர்கள் கூரையை நிறைத்திருக்கின்றன. அதையும் பருவத்துக்குப் பருவம் மாறும் உள்ளரங்கத் தோட்டத்தையும் இலவசமாகவே பார்க்கலாம்.

2023-இல் திறக்கப்பட்ட, கோள வடிவிலான ஸ்பியர் அரங்கின் வெளிப்புற ஒளிக்காட்சியும் அப்படித்தான். தெருவில் நின்றே பார்த்தோம். எரிமலைக் காட்சிக்குப் பேர்போன மிராஜ் விடுதி 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டதால், பழைய வழிகாட்டிகளை நம்பி அதைத் தேடிச் செல்ல வேண்டாம்.

இனி, நாங்கள் தங்கிய விடுதி. அறை சுத்தமாகவும் விசாலமாகவும் இருந்தது. ஆனால் அறை வாடகைக்கு மேல், ஓர் இரவுக்கு 40 டாலருக்கும் அதிகமாக 'ரிசார்ட் கட்டணம்' வாங்கினார்கள். இணைய வசதி, உடற்பயிற்சிக்கூடம் போன்றவற்றுக்கான இந்தக் கட்டணத்தை, அவற்றைப் பயன்படுத்தாதவரும் செலுத்தியே ஆக வேண்டும். 2025 மே மாதம் முதல் அமெரிக்க விதிப்படி மொத்தத் தொகையை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பதால் ஏமாறும் வாய்ப்பு குறைந்திருக்கிறதே தவிர, கட்டணம் குறையவில்லை. இன்னொரு குறையும் உண்டு: அம்மாவின் மருந்தை வைப்பதற்காகக் குளிர்பெட்டியிலிருந்த ஒரு பாட்டிலை நகர்த்தியதற்கே, அதை எடுத்துக் குடித்ததாகக் கணக்கில் ஏறிவிட்டது. விளக்கிச் சொன்னதும் நீக்கிவிட்டார்கள் என்றாலும், புறப்படும் முன் ரசீதை வரி வரியாகப் பாருங்கள்.

அறைக்கோ உணவகத்துக்கோ செல்லும் வழி காசினோ தளத்தின் ஊடாகவே போகிறது. அங்கே புகைபிடிக்க நெவாடா மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. அம்மாவுக்கு இருமல் வந்தது இதனால்தான். புகை ஒத்துக்கொள்ளாதவர்கள், 2020 முதல் புகையற்ற விடுதியாக நடக்கும் பார்க் எம்ஜிஎம்மை முதலில் பரிசீலிக்கலாம். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் தளத்தைக் கடந்து செல்லலாம், அங்கே நிற்கக் கூடாது. ஆடிப் பார்க்க விரும்புபவர்கள் மேசையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அமர வேண்டும். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் 3:2 என்று இருந்தால், முதல் இரு சீட்டுகளிலேயே கூட்டுத்தொகை 21 வரும்போது 10 டாலர் பந்தயத்துக்கு 15 டாலர் ஆதாயம் கிடைக்கும். 6:5 என்று இருந்தால் 12 டாலர்தான். பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் சக்கரத்தில் ஒரு பூஜ்யம் இருந்தால், பந்தயத் தொகையில் விடுதிக்குச் சராசரியாக நிற்கும் ஆதாயம் 2.70 சதவீதம், இரண்டு இருந்தால் 5.26, மூன்று இருந்தால் 7.69.

கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. 2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி பதிவானது. நவம்பர் எங்களுக்கு இதமாக இருந்தது. கடைசி நாள் நகரத்துக்கு மேற்கே உள்ள ரெட் ராக் கேன்யனுக்குச் சென்றோம். அக்டோபர் முதல் மே வரை அங்குள்ள 21 கிலோமீட்டர் சுற்றுச்சாலையில் காரில் செல்ல முன்பதிவு தேவை. செம்மண் நிறப் பாறைகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி அம்மா அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை பெல்லாஜியோ ஏரிக்கு அருகிலேயே அறை எடுத்து, ரெட் ராக்குக்கு முழுதாக ஒரு நாளை ஒதுக்குவேன்.