பிரீடிங் பொக்ஸ்: தாய்க்கென்று வாங்கியது போக்கிரிக்கும் உதவியது

கச்சான் காற்று வீசிய நாட்களில், கல்முனையில் உள்ள அலங்கார மீன் கடையொன்றில் 1,450 ரூபா கொடுத்து ஒரு பிரீடிங் பொக்ஸ், அதாவது குஞ்சு ஈனும் தாய் மீனைத் தனியே விடும் பெட்டி, வாங்கினேன். ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட இந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியை, தொட்டியின் உட்பக்கக் கண்ணாடியில் ரப்பர் கிண்ணங்களால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். உள்ளே இரண்டு தட்டுகள் இருபுறமிருந்தும் சரிந்து, நடுவில் ஒரு மெல்லிய இடுக்கை விட்டு நிற்கின்றன. பிறக்கும் குஞ்சு அந்த இடுக்கின் வழியே கீழறைக்குள் விழுந்துவிடும்; தாயால் அதைப் பின்தொடர முடியாது. “இதுக்குள்ள தாய விட்டா ஒரு குஞ்சும் வீணாப் போகாது, தம்பி” என்று கடைக்காரர் உறுதியளித்தார். எட்டு மாதங்கள் பயன்படுத்திய பின்னர் எழுதுகிறேன்: அவர் சொன்னது பாதி உண்மை.

என் தொட்டி மூன்றடி நீளமானது. அதில் கப்பிகள், சுவோட்டெயில்கள், ஆறு செரி பார்ப்கள், ஒரு சோடி தங்கக் கௌராமிகள் ஆகியன ஒன்றாக வாழ்கின்றன. இவை அனைத்தும் சாதுவான மீன்கள் என்றே விற்கப்படுகின்றன. சாதுவான மீனும் இனப்பெருக்கக் காலத்தில் வேறொரு மீனாகிவிடும் என்பதை எந்தக் கடையும் சொல்வதில்லை.

கப்பி முட்டையிடாமல் குட்டி ஈனும் மீன். ஒருமுறை இணைசேர்ந்த பெண், ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்து, அடுத்தடுத்த ஈற்றுக்களுக்குப் பயன்படுத்திக் கொள்ளும். ஆகையால் பெண் மீன்களை மட்டும் வாங்கிச் சென்றவரின் தொட்டியிலும் மாதந்தோறும் குஞ்சுகள் தோன்றக்கூடும். ஈன்ற குஞ்சுகளைத் தாயே விழுங்குவதும் இயல்புதான். இதற்காகவே பெட்டியை வாங்கினேன். முதல் முயற்சியில் பெருந்தவறு செய்தேன். வயிறு பெருத்த பெண் ஒன்றை ஐந்து நாட்கள் முன்னதாகவே உள்ளே விட்டேன். அது ஓயாமல் சுவரில் முட்டி முட்டி, இறுதியில் மஞ்சட்கருப் பை வற்றாத குறைமாதக் குஞ்சுகளை ஈன்றது. அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த முறை, வயிறு சதுரமாகத் திரண்டு, பின்புறக் கரும்புள்ளி நன்கு இருண்டு, அந்த மீன் தீனியை மறுத்து மூலையில் ஒதுங்கிய மாலையில்தான் அதைப் பெட்டிக்குள் விட்டேன். விடிந்தபோது 26 குஞ்சுகள் கீழறையில் நீந்தின. தாயை உடனே வெளியே எடுத்தேன். அந்த அளவில் பெட்டி சொன்னதைச் செய்தது.

எனினும் பெண் கப்பிகளை உண்மையில் வாட்டியது பிரசவமன்று, ஆண்களின் ஓயாத துரத்தல். தொட்டியில் ஆண்கள் ஐந்தும் பெண்கள் நான்கும் இருந்தன. பெண்களை ஏழாக்கி, ஆண்களை இரண்டாகக் குறைத்த பின்னரே அவை நிம்மதியாகத் தீனி எடுத்தன. இதைப் பெட்டியால் தீர்க்க இயலாது.

பெட்டியின் சிறந்த பயன் எனக்குத் தற்செயலாகவே தெரிய வந்தது. சுவோட்டெயில் ஆண்கள் மூன்றில் பெரியது மற்ற இரண்டையும் ஃபில்டரின் பின்னால் ஒடுக்கி வைத்திருந்தது. ஒன்றின் வால் கிழிந்திருந்தது. அந்தப் போக்கிரியை நான்கு நாட்கள் பெட்டிக்குள் அடைத்து, அதற்கிடையில் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்தேன். வெளியே வந்ததும் அதற்குத் தன் எல்லை எதுவென்று தெரியவில்லை. பத்து நாட்கள் அமைதி நிலவியது. ஆனால் தலைவன் இல்லாத அந்த நான்கு நாட்களுக்குள் இரண்டாம் நிலையில் இருந்த ஆண் தலைமையை எடுத்துக்கொண்டு, மூன்றாவதைத் துரத்தத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நமது சங்கங்களின் நிருவாகத் தெரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. கடைசியில் இரண்டு ஆண்களை நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

கௌராமிக்கு இந்தப் பெட்டி உதவாது. மின்தடையால் ஃபில்டர் நின்று நீர்ப்பரப்பு அசையாமல் கிடந்த ஒரு மாலையில், ஆண் கௌராமி மிதக்கும் செடிகளுக்கிடையே நுரைக்கூடு கட்டியது. முட்டைகளைக் கூட்டில் சேர்த்த பின் தன் துணையையே விரட்டிக் கடித்ததோடு, தொட்டியின் மூன்றிலொரு பகுதிக்குள் கப்பிகளையும் அண்டவிடவில்லை. கரையோர ஆழமற்ற நீரில் குழி தோண்டிக் காவல் நிற்கும் ஆண் திலாப்பியாவைக் குளங்களில் கண்டவர்களுக்கு இந்த உக்கிரம் விளங்கும். பத்து சென்ரிமீற்றர் வளர்ந்த மீனை இந்தச் சிறு பெட்டியில் அடைப்பது வதை. பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றுவதே சரி.

செரி பார்ப் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளுக்கே உரிய மீன். அதன் ஆண்கள் இணைசேரும் நாட்களில் செக்கச் செவேலென மாறி ஒன்றையொன்று மிரட்டினாலும் காயப்படுத்துவதில்லை. செடிகளில் முட்டைகளைச் சிதறவிட்டுத் தாமே தின்றுவிடும் இவற்றுக்கு, பெட்டியைவிட அடர்ந்த பாசியே பயன்படும்.

பொருளின் தரத்தில் இரண்டு குறைகள் உண்டு. ரப்பர் கிண்ணங்கள் மூன்றாம் மாதத்திலேயே இறுகி, ஒருநாள் இரவு பெட்டி சரிந்து, ஒன்பது குஞ்சுகள் கௌராமிக்கு இரையாயின; இப்போது தூண்டில் நரம்பால் தொட்டி விளிம்பில் கட்டி வைத்திருக்கிறேன். மற்றது, துளைகள் குறைவாக இருப்பதால் உள்ளே நீரோட்டம் போதாமை. நம் பகுதியின் வெப்பத்தில் நீர் 30 பாகையை எட்டும்போது, மிஞ்சிய தீனி அரை நாளில் நாறிவிடுகிறது. ஸ்பொஞ் ஃபில்டரின் குமிழிகள் பெட்டியின் ஓரத்தில் உரசிச் செல்லுமாறு வைத்ததும் நிலைமை சீரானது. வலைத்துணியால் ஆனவற்றில் இச்சிக்கல் குறைவு. ஆனால் வெளியில் உள்ள பெரிய மீன்கள் வலையோடு சேர்த்துக் குஞ்சுகளைக் கவ்வ முயலும்.

வாங்குவோர் கடையிலேயே தட்டுகளைப் பொருத்தி, இடுக்கின் அகலத்தைப் பார்த்து வாங்க வேண்டும். எனக்குக் கிடைத்ததில் ஒரு முனை குறுகியிருந்ததால் இரண்டு குஞ்சுகள் சிக்கி இறந்தன. பின்னர் அரத்தால் தேய்த்துச் சரிசெய்தேன்.