மஞ்சள் கொடி தொங்கும் சோற்றுக்கடை

பாங்காக்கில் இறங்கிய முதல் ராத்திரியே எனக்கும் ஒரு பருப்புக் கிண்ணத்துக்கும் தகராறு. 'சுத்த சைவம்' என்று இந்தியில் பெரிதாக எழுதிய உணவகம். நெய், வெண்ணெய், பால், தயிர் எதுவும் கூடாது என்று இரண்டு தடவை சொல்லித்தான் ரொட்டியும் பருப்பும் கேட்டேன். வந்த பருப்பின் நடுவில் ஒரு கட்டி வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. "வெண்ணெய்தானே மேடம், அதுவும் வெஜ்தான்" என்றார் கொண்டுவந்தவர். கூட வந்த மதினி அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் வறட்டு ரொட்டியை ஊறுகாயோடு தின்றேன். அறைக்கு வந்ததும் பையிலிருந்த கோவில்பட்டி கடலை மிட்டாயைப் பிரித்தேன். நிலக்கடலையும் வெல்லமும்தான்; என்னைப் போன்ற ஆட்களுக்கு அதைவிட நல்ல வழித்துணை கிடையாது.

பால் பொருட்களை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. வீகன் என்றால் சிலருக்குப் புரியும். அதையே தமிழில் நனிசைவம் என்றால் சைவ சித்தாந்தத்தில் ஏதோ புதுப் பிரிவா என்று கேட்கிறார்கள். ஊரில் எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. இட்லி, ரசம், கூட்டு, பொரியல் என்று ஓடிவிடும்; பொங்கலைத் தள்ளிவைத்து, காபியைக் கட்டஞ்சாயாவாக மாற்றிக்கொண்டால் போதும். வெளியூர் போகும்போதுதான் 'சைவம்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு நெய் ஊற்றி வைத்திருக்கிறோம் என்று தெரிகிறது.

மறுநாள் காலையில் பாங்காக்கின் சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். கும்பிட்டுவிட்டு நடந்தால், இரண்டு சந்து தள்ளி ஒரு கடை வாசலில் மஞ்சள் கொடி. அதில் சிவப்பாக ஓர் எழுத்து. தாய்லாந்து மொழி தெரியாத கண்ணுக்கு அது 17 என்று கோணலாக எழுதியதுபோல இருக்கும். அதுதான் 'ஜே'. இந்த எழுத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு தாய்லாந்துக்குப் போகலாம்.

ஜே என்பது சீன வழி பௌத்த விரதச் சாப்பாடு. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயம் மாதிரி நெடி அடிக்கிற ஐந்து வகையும் விலக்கு. நம்மூர் விரதச் சமையலில் வெங்காயத்தைத் தள்ளிவிட்டுத் தயிரை வைத்துக்கொள்வார்கள். இவர்கள் இரண்டையும் தள்ளிவிட்டார்கள். "மோர்கூடக் கிடையாதா? பாவம்டி இவங்க" என்றாள் மதினி.

கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு, தாய்லாந்து எழுத்தில். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே பெயர் சொல்ல முடியவில்லை. உள்ளே நாலு மேசை, முன்னால் எவர்சில்வர் தட்டங்களில் பத்துப் பன்னிரண்டு வகை. விரலைக் காட்டினால் போதும், சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். இரண்டு வகையோடு 50 பாட். நாங்கள் போனபோது நம் பணத்தில் 120, 130 ரூபாய். முந்தின ராத்திரி வெண்ணெய்ப் பருப்புக்குக் கொடுத்ததில் இங்கே மூன்று பேர் சாப்பிட்டிருக்கலாம்.

நான் முதலில் காட்டியது பச்சைக் கறி, அதாவது 'கிரீன் கரி' என்கிற குழம்பு. தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், பேரரத்தை. கரண்டியால் கிளறினால் பட்டாணி அளவில் பச்சை உருண்டைகள். ஒன்றைக் கடித்தேன். படக்கென்று உடைந்து, விதையெல்லாம் நாக்கில் சிதறி, அந்தக் கசப்பு... சுண்டைக்காய்! ஆச்சி மோரில் ஊறப்போட்டு மாடியில் காயவைக்கிற அதே சுண்டைக்காய். வற்றலாகத் தவிர வேறு எப்படியும் நான் அதைத் தின்றதில்லை. இங்கே காம்பை மட்டும் கிள்ளிவிட்டு முழுசாகக் கறியில் போட்டிருந்தார்கள். தேங்காய்ப்பாலின் இனிப்பை அந்தக் கசப்பு அங்கங்கே வெட்டியது. நாலு நாளும் அதையே வாங்கினேன்.

சாதாரணக் கடையில் இதே பச்சைக் கறியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. அரைக்கிற விழுதிலேயே 'கபி' என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு, பப்பாளி சாலட்டில் 'நாம் ப்ளா' என்கிற மீன் சாறு. மேசை மேல் மிளகாய் மிதக்கிற குட்டிக் கிண்ணத்தை நம்மூர் வினிகர் மிளகாய் என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் மீன் சாறுதான். ஜே கடையில் அந்த இடத்தில் சோயா சாஸ் இருக்கும். எதையும் மோந்து பார்க்காமல் சாப்பிட உட்காருவது எவ்வளவு நிம்மதி என்று அங்கேதான் தெரிந்தது.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வதக்கல்களில் எண்ணெய் தட்டில் தேங்குகிறது. இனிப்பும் எங்கள் பக்கத்து நாக்குக்கு ஒரு பங்கு அதிகம். பூண்டு இல்லாத குறை மூன்றாம் நாள் தெரிந்தது. சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த போலி இறைச்சி நாலைந்து தினுசு வைத்திருக்கிறார்கள். சிவப்புச் சாயம் பூசிய ஒன்றை மதினி மென்று பார்த்துவிட்டு, "இது ஆட்டுலயும் சேத்தியில்ல, மாவுலயும் சேத்தியில்ல" என்று ஓரமாக ஒதுக்கினாள். வாரா வாரம் கறி எடுக்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்புறம், கடை காலையிலும் மதியமும் மட்டும்தான். ஒன்றரைக்குப் போனால் தட்டத்தின் அடியில் சாறுதான் மிஞ்சியிருக்கும். பதினொன்றரைக்கு முன்னால் போய்விடுங்கள்.

பெண்கள் "சன் கின் ஜே கா" என்றும் ஆண்கள் "போம் கின் ஜே க்ரப்" என்றும் சொன்னால் போதும். 'மங்சவிரத்' என்று ஒரு சொல் இருக்கிறது; மாமிசம், விரதி என்று காதில் விழுந்ததும் நம்ம சொல் மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு ஒரு தள்ளுவண்டியில் சொன்னேன். முட்டை போட்டுக் கிளறிய சோறு வந்தது. மங்சவிரத்தில் முட்டையும் பாலும் சேர்த்தி.

ஜே திருவிழா சீனக் காலண்டரின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள். அமாவாசையை ஒட்டி வருவதால் பெரும்பாலும் நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். 2024இல் இரண்டும் அக்டோபர் 3இல் தொடங்கின. 2025இல் சீனக் கணக்கில் ஓர் அதிக மாதம் விழுந்ததால் ஜே ஒரு மாதம் பின்னால் போய்விட்டது. அந்த நாட்களில் ஊரெல்லாம் மஞ்சள் கொடியாம். நாங்கள் போனது மே மாதம், பள்ளி விடுமுறையில். அப்போதும் இந்தக் கடையில் கொடி தொங்கியது.

கடைசி நாள் விமானத்துக்கு முன்னால் ஒரு பை கறி வாங்கிக்கொள்ளலாம் என்று ஓடினோம். நம்மூர் சாம்பார் பார்சல் மாதிரியே பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஷட்டர் இறங்கியிருந்தது, கொடி மட்டும் மேலே தொங்கியது. முக்குக் கடையில் உறைமேல் அதே 17 அச்சடித்த சோயாப் பால் ஒன்று வாங்கினேன். எழுத்து இல்லாத சோயாப் பாலில் பால் பவுடர் கலந்தது உண்டு, பார்த்து எடுங்கள். மதினிக்கு ஒரு முட்டை பன். மிச்சமிருந்த கடலை மிட்டாயை வரிசையில் நிற்கும்போது இரண்டு பேரும் பாதி பாதி தின்றோம்.