கணக்கு மட்டும் படிக்க ஆசையா? சிறுசேரி, ஐ.எஸ்.ஐ., ஐசர், அரசுக் கல்லூரி: யாருக்கு எது?

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ வகுப்பில் ஒன்றிரண்டு பேர் அப்படி இருப்பார்கள். ஐந்து மதிப்பெண் கணக்கைப் போட்டு முடித்த பிறகும் பேனாவை மூட மாட்டார்கள். "சார், இதை வேற மாதிரி போடலாமா?" என்று கேட்பார்கள். அப்புறம் கவுன்சலிங் வரும். அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து ஏதோ ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் எடுத்துவிடுவார்கள். கணக்கையே முழுநேரமாகப் படிக்க நல்ல இடங்கள் இருக்கின்றன என்று அவர்கள் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கணித ஆசிரியராக எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

போன வருடம் ஒரு மாணவியும் அவளுடைய அப்பாவும் வந்திருந்தார்கள். நான் நான்கு வழிகளைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "இதுல எது சார் பெஸ்ட்?" என்றார். அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 11, 111, 1111, 11111 என்று போய்க்கொண்டே இருக்கும் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் எந்த எண்ணும் முழு வர்க்கமாக இருக்காது. ஏன்?

கால்குலேட்டரில் நான்கைந்து எண்களைச் சரிபார்க்கலாம். ஆனால் வரிசை முடிவில்லாதது. இப்படி யோசித்துப் பாருங்கள்: எல்லா எண்களும் 11 என்றே முடிகின்றன. 100 நான்கால் வகுபடும் என்பதால், ஓர் எண்ணை 4-ஆல் வகுத்தால் என்ன மீதி வரும் என்பதைக் கடைசி இரண்டு இலக்கங்களே சொல்லிவிடும். 11-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. இரட்டைப்படை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0, ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 1. மீதி 3 வரவே வராது. முடிந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

உங்கள் பிள்ளை இதில் முக்கால் மணி நேரம் முட்டி மோதி, விடை கிடைத்ததும் முகம் மலர்ந்தால், கீழே எழுதியிருப்பது அவனுக்கோ அவளுக்கோதான். "இது பரீட்சையில வருமா?" என்பதுதான் முதல் கேள்வி என்றால் அதில் தவறு ஒன்றும் இல்லை, அவர்களுக்கு வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன.

இந்தக் கணக்கை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. நான்கு இடங்களையும் ஒப்பிட எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவை தங்கள் வாசலில் என்ன கேட்கின்றன என்று பார்ப்பதுதான். நுழைவுத் தேர்வுத் தாளை எடுத்துப் பார்த்தால், உள்ளே மூன்று வருடம் எப்படிப் போகும் என்பது தெரிந்துவிடும். தரவரிசைப் பட்டியல் இதைச் சொல்லாது.

சென்னை கணிதவியல் நிறுவனம், அதாவது சி.எம்.ஐ., தன் இளங்கலைப் படிப்புகளுக்குத் தானே தேர்வு வைக்கிறது. முதல் பகுதி வடிகட்டுவதற்கு. இரண்டாம் பகுதியில் விரிவாக எழுத வேண்டிய கணக்குகள் மட்டும் இருக்கும். நிரூபி, ஏன் என்று விளக்கு, இது எப்போதும் உண்மையா, இல்லையென்றால் ஓர் எதிர் உதாரணம் கொடு, இப்படித்தான் கேட்பார்கள். விடை தவறினாலும் யோசித்த பாதை சரியாக இருந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு. ஜே.இ.இ. ரேங்க் தேவையில்லை. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த நிறுவனம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். சி.எஸ். சேஷாத்ரி என்ற பெரிய கணித மேதை, மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பிரிவாக இதைத் தொடங்கினார். முதலில் தி. நகரில் இயங்கியது. நல்ல ஆராய்ச்சி நடக்கும் இடத்தில்தான் இளங்கலை மாணவர்களும் படிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1998-இல் இளங்கலைப் படிப்பு தொடங்கியது. 2005-இல் சிறுசேரி சிப்காட் வளாகத்துக்கு மாறியது. 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன வளாகம். பேருந்தில் போகிறவர்கள் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

இரண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்புகள் உள்ளன: கணிதமும் கணினி அறிவியலும், கணிதமும் இயற்பியலும். மூன்று வருடம். இங்கே கணினி அறிவியல் என்றால் ஆப் தயாரிப்பது என்று எண்ணிச் சேராதீர்கள். ஒரு கணக்கைக் கணினியால் தீர்க்கவே முடியுமா, முடியும் என்றால் எத்தனை படிகளில், அந்த நிரல் சரியானது என்பதை எப்படி நிரூபிப்பது. இந்தக் கேள்விகள்தான் இங்கே கணினி அறிவியல். இயற்கணிதம், பகுப்பாய்வு, தர்க்கம், அல்காரிதம் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து வரும். நன்றாகப் படிக்கும் சிலரைப் பாரிஸின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான எகோல் நார்மால் சுப்பீரியருக்குச் சில வாரங்கள் அனுப்பிவைக்கும் ஏற்பாடும் பல ஆண்டுகளாக உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் சிறிய அளவு. ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான் சேர்கிறார்கள். பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டி, "நேத்து சொன்ன மூணாவது வரி புரியலை" என்று கேட்கலாம். நம் பிள்ளைகளில் பலர் பள்ளி முழுக்க அப்படி ஒரு வாய்ப்பு இல்லாமலேயே வளர்ந்தவர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போன பிறகு கணக்கு சலித்துவிட்டால், விலகிப் போக அங்கே பக்கத்துக் கதவு கிடையாது. உயிரியல் இல்லை, வேதியியல் இல்லை, இன்ஜினியரிங்குக்கு மாறவும் முடியாது. பள்ளியில் முதல் மாணவராக இருந்தவருக்கு முதல் பருவத்திலேயே பாதிக் கணக்கு வராமல் போகலாம். சுற்றிலும் ஒலிம்பியாட் எழுதி வந்தவர்கள் இருப்பார்கள். அந்த அதிர்ச்சியைத் தாங்கும் மனம் வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் அந்த முதல் ஆறு மாதம் மதிப்பெண் கேட்காமல் இருந்தால் பெரிய உதவி.

சேர்வதற்கு முன்பே ருசி பார்க்கவும் வழி இருக்கிறது. சி.எம்.ஐ. பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய நிரலாக்கம், அல்காரிதம் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். என்னும் இலவச இணைய வகுப்புத் தளத்தில் காணொளியாக இருக்கின்றன. விடுமுறையில் நான்கு பாடம் பார்த்துவிட்டு ஐந்தாவதைத் தானாகத் தேடுகிறார்களா என்று கவனியுங்கள்.

சரி, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வருவோம். ஐ.எஸ்.ஐ. இவற்றில் மூத்தது. 1931-இல் பி.சி. மகலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கியது. 1959-இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் விளைந்திருக்கிறது என்பதை எல்லா வயலையும் அளக்காமல், சில இடங்களை மட்டும் அளந்து எப்படிச் சொல்வது என்று மகலனோபிஸ் யோசித்தார். அந்த இடத்தின் குணம் இன்றும் அதுதான். உலகத்தில் நடக்கும் ஒன்றைப் பார்த்து, இதை எண்ணால் எப்படிப் பிடிப்பது என்று துடிக்கிறவர்களுக்குக் கொல்கத்தாவின் புள்ளியியல் இளங்கலைப் படிப்பான பி.ஸ்டாட். தூய கணிதம்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பெங்களூரு மையத்தின் கணித இளங்கலைப் படிப்பான பி.மேத். நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பெங்களூரு என்றால் பாதிப் பயம் குறைந்துவிடும்.

நம்மவர் ஒருவரும் அந்த வழியாகப் போனவர். எஸ்.ஆர். சீனிவாச வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கொல்கத்தா ஐ.எஸ்.ஐ.யில் முனைவர் பட்டம் பெற்றார். நிகழ்தகவுக் கோட்பாட்டில் செய்த வேலைக்காக 2007-இல் அவருக்குக் கணிதத்தின் மிக உயரிய பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு கிடைத்தது.

ஐ.எஸ்.ஐ. தேர்வு பல ஆண்டுகளாக இரண்டு தாள்கள்: ஒன்று கொள்குறி வகை, 30 கேள்விகள், இன்னொன்று விரித்து எழுத வேண்டியது, 8 கணக்குகள். இரண்டுக்கும் தலா இரண்டு மணி நேரம். அதனால் சி.எம்.ஐ. தேர்வைவிட வேகம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்காமல் மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்த மரபு ஐ.எஸ்.ஐ.க்கு உண்டு. பணம் நெருக்கடியாக இருக்கும் வீட்டில் அந்த ஆண்டின் அறிவிக்கையில் இந்தப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். சி.எம்.ஐ.யிலும் கட்டணச் சலுகை உண்டு. விண்ணப்பிக்கும்போதே கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரண்டுக்கும் தயாரிப்பு ஏறக்குறைய ஒன்றேதான். எனவே ஒன்றுக்குப் படிப்பவர் மற்றதையும் எழுதிவிடலாம். இரண்டிலும் இடம் கிடைத்தால்? தரவு, நிகழ்தகவு, பொருளாதாரம் என்று மனம் போகிறவரை பி.ஸ்டாட்டுக்கு அனுப்புவேன். கணிதமும் கணினியின் தர்க்கமும் சேர்ந்து பிடித்திருந்தால் தயங்காமல் சிறுசேரி. பி.மேத்தா, சி.எம்.ஐ.யா என்று வந்தால், தரத்தை வைத்துப் பிரிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணினிப் பாடங்கள் வேண்டுமா என்று மட்டும் பாருங்கள்.

ஐசர், அதாவது இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம், வேறு மாதிரி. 2006-இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி இப்போது ஏழு இடங்களில் இருக்கிறது. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பில் தொடக்கத்தில் எல்லா அறிவியலும் படித்துவிட்டுப் பிறகு ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். கணக்கும் பிடிக்கும், இயற்பியலும் பிடிக்கும், இன்னும் முடிவு செய்யவில்லை என்கிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது நியாயமான இடம். நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15. பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் குரூப் எடுத்தவர்களுக்கு அந்த 15 உயிரியல் கேள்விகள் சுமைதான். பயாலஜி-மேத்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு அது வரம். எல்லாம் கொள்குறி வகை என்பதால், எழுதி நிரூபிக்கும் திறனை இந்தத் தேர்வு பார்ப்பதில்லை. கணக்கு ஒன்றுதான் என்று உறுதியாக இருப்பவரை நான் முதலில் ஐசருக்கு அனுப்ப மாட்டேன்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்கு வருடப் படிப்பும் இதே வகைதான், போட்டி இன்னும் கடுமை.

இனி அரசுக் கலைக் கல்லூரி. இதை நான்காவதாக எழுதுவதால் கடைசி இடம் என்று நினைத்துவிடாதீர்கள். சி.எம்.ஐ.யைத் தொடங்கிய சேஷாத்ரி எங்கே படித்தார்? சென்னை லயோலா கல்லூரியில். அது அரசுக் கல்லூரி அல்ல, ஆனாலும் ஒரு கலைக் கல்லூரிதான். அவரோடு படித்து, பிற்காலத்தில் அவரோடு சேர்ந்து 1965-இல் புகழ்பெற்ற தேற்றத்தை நிறுவிய எம்.எஸ். நரசிம்மனும் அங்கேதான். இருவருக்கும் வழிகாட்டியவர் சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார். அன்றைய ஐரோப்பாவின் புதிய கணிதத்தை அறிந்திருந்த அவர், இவர்களை டாடா நிலையத்தை நோக்கித் திருப்பிவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி, அதில் ஒரே ஓர் ஆசிரியர். அவ்வளவுதான் அவர்களுக்கு அமைந்தது.

அதனால் உங்கள் ஊர்க் கல்லூரிக்குப் போகும் முன் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூன்றாம் வருட மாணவர்களிடம், "கணிதத் துறையில் சந்தேகம் கேட்டால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர் யார்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அந்தக் கல்லூரியில் தைரியமாகச் சேரலாம்.

கட்டணம் மிகக் குறைவு. சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில். பல கல்லூரிகளில் தமிழ் வழியும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பிளஸ் டூவில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்து பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவர், மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதைத் தெரியாமலேயே தவறவிடுபவர்கள் நிறைய.

குறை எது என்று எல்லோருக்கும் தெரியும். தேற்றத்தையும் நிரூபணத்தையும் மனப்பாடம் செய்து எழுதினாலே தேர்வில் முதல் வகுப்பு வந்துவிடும். புரிந்துகொண்டோமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு வெளியிலிருந்து ஒரு பெரிய துணை உண்டு. 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்னும் கோடைப் பயிற்சி முகாம். பி.எஸ்சி. படிக்கும்போதே நான்கு வாரம் ஓரிடத்தில் தங்கவைத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, மாணவர் வாயாலேயே நிரூபணத்தை வரவைப்பார்கள். மூன்றாம் வருடத்தில் ஜாம் என்னும் முதுகலை நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். சி.எம்.ஐ. முதுகலைக்கும் தனித் தேர்வு இருக்கிறது. பதினேழு வயதில் திறக்காத அதே வாசல் இருபது வயதில் இன்னொரு முறை திறக்கிறது.

முதல் பத்தியில் சொன்ன மாதிரியான ஒரு மாணவி இப்போது அரசு மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டை விட்டு வெகுதூரம் அனுப்ப மாட்டார்கள். அவளுக்குச் சிறுசேரி பொருந்தும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். எம்.டி.டி.எஸ். விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு எனக்குக் காட்டினாள். அடுத்தது சி.எம்.ஐ. முதுகலை என்று இப்போதே சொல்கிறாள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்காகப் பின்வாங்க வேண்டாம். நிரூபணம் எழுதத் தேவையான ஆங்கிலம் மிகச் சிறியது: லெட், சப்போஸ், தேர்ஃபோர், ஃபார் எவ்ரி, தேர் எக்ஸிஸ்ட்ஸ் போன்ற சில சொற்கள். மேலே உள்ள 11, 111 கணக்கின் விடையை முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில். பத்துக் கணக்குகளுக்கு இப்படிச் செய்தால் கை பழகிவிடும்.

சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ. தேர்வுகள் பெரும்பாலும் மே மாதத்தில் வருகின்றன. விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே, நீங்கள் பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே வந்துபோய்விடும். ஆகவே பொங்கல் விடுமுறையிலிருந்தே இரண்டு இணையதளங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். பொதுத் தேர்வு முடிந்த மறுநாள், சி.எம்.ஐ. பழைய தாளின் இரண்டாம் பகுதியிலிருந்து ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.